முட்டை அட்டையும் மோகனாவின் முடிச்சும்

கரண்ட் போனால்தான் எங்கள் ஊரில் காது கேட்கும். பல்லடத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற எங்கள் ஊரில் தெருவுக்கு மூன்று ‘தறிக்குடோன்’. ஒவ்வொன்றிலும் எட்டு, பத்து விசைத்தறிகள் விடிவதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடும் என்பதால், அந்த ‘டடக் டடக்’ சத்தத்துக்குள்ளேயேதான் நாங்கள் பல் தேய்த்தோம், சண்டை போட்டோம், வீட்டுப்பாடம் எழுதினோம், தெருவில் போகிறவரைக் கூப்பிட வேண்டுமென்றால் வாயைத் திறக்காமல் கையைத் தட்டினோம். நான் எட்டாவது படித்த வருடம் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கரண்ட் போய் ஆறு மணிக்கு வந்தது. நாலு அடித்ததும் ஊரே ஒரு நொடியில் ஊமையாகிவிடும்; பிறகு, இத்தனை நேரம் எங்கே ஒளிந்திருந்தன என்று தெரியாத சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்: யார் வீட்டு குக்கரோ விசிலடிப்பது, சைக்கிள் செயின் உரசுவது, நாலு வீடு தள்ளி யாரோ மூக்கைச் சிந்துவது. தறிக்காரர்கள் வாசலில் வந்து நின்று, “கெரகம் புடிச்ச கரண்ட்டு, இன்னிக்கும் போயிருச்சு பாருங்க” என்று வைவார்கள். எனக்கோ அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் மீதி நாளே. அந்த அமைதியில்தான் நான் டீச்சராக இருந்தேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கள் நடுநிலைப்பள்ளியின் கணக்கு டீச்சர் பிரசவத்துக்கு லீவில் போனார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இயற்கணிதப் பாடத்தின் மூன்றாம் பக்கத்தில், x என்றால் என்னவென்று யாரும் சொல்லாமல், நடுவழியில் இறக்கிவிடப்பட்ட பயணிகள் மாதிரி நின்றார்கள். தலைமையாசிரியையை நாங்கள் ‘பெரிய டீச்சர்’ என்போம். அவருக்குத் தமிழ்தான் பாடம், கணக்கென்றால் அவருக்கே கொஞ்சம் பயம். ஒருநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

“ரம்யா, நீ கணக்குல எப்பவும் நூத்துக்கு நூறு வாங்கற புள்ள. சாயந்தரம் பெல் அடிச்சதும் ஒரு மணி நேரம் ஏழாவதுக்குச் சொல்லிக் குடு கண்ணு. அரையாண்டுல பதினாறு பேரும் பாஸாகோணும்” என்று சொல்லி, ஒடியாத, முழு நீள, புதுச் சாக்பீஸ் ஒன்றை என் கையில் வைத்தார். அதுவரை நாங்கள் பார்த்ததெல்லாம் நகக்கண் அளவு துண்டுகள்தான். நான் அதைக் கரும்பலகையில் தொடாமல் அன்று முழுவதும் பென்சில் டப்பாவில் வைத்து, மணிக்கொரு தரம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா, “ஏஞ் சாமி, உனக்கே பாவாடை நாடா ஒழுங்காக் கட்டத் தெரியாது, நீ டீச்சருங்களா?” என்று சிரித்தாள். அப்பாவுக்கு முட்டை வியாபாரம். நாமக்கல்லிலிருந்து வேனில் இறங்குகிற முட்டையைச் சுற்றியுள்ள கடைகளுக்கு டெம்போவில் போடுவார். அடுத்த நாள் அவர் போன கடையிலெல்லாம் முட்டையோடு இந்தச் செய்தியும் இறங்கியது.

என்னுடைய கற்பிக்கும் முறை ஒரே வரிதான்: ‘பக்கம் மாறினால் குறி மாறும்.’ கைடு நோட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது. நான் அதை வைத்துத்தான் நூறு வாங்கினேன். சமக்குறி ஒரு பாலம், இந்தப் பக்கம் ப்ளஸ்ஸாக இருப்பது பாலத்தைத் தாண்டினால் மைனஸ். x + 5 = 12 என்றால் ஐந்து தாண்டிப் போய் மைனஸாகி, x என்பது ஏழு. பதினாறு தலைகளும் ஆடின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த நாள் 2x = 12 என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். பதினாறு பேரும் ஒரே மாதிரி இரண்டைப் பாலம் தாண்டவைத்து, மைனஸாக்கி, x = 10 என்று எழுதி வைத்திருந்தார்கள்.

“பத்தில்ல, ஆறு” என்றேன்.

“நீங்கதானுங்க்கா அக்கட்டப் போனா மைனஸாகும்னீங்க?” என்று கேட்டது பிரகாஷ். எந்நேரமும் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருக்கிற பையன்.

“இது பெருக்கல். பெருக்கல்னா வகுத்தலாயிரும்.”

“ஏனுங்க்கா ஆகுது?”

“ரூல் அப்படி.”

“அந்த ரூல ஆருங்க்கா போட்டது?”

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்குப் பதிலாக அவனை வெளியே நிற்க வைத்தேன். கேள்வி கேட்டவனை வெளியே நிறுத்தினால் கேள்வியும் வெளியே போய்விடும் என்ற நம்பிக்கை அந்த வயதில் எனக்கு இருந்தது.

ஒரு வாரத்தில் பதினாறு பேர் பன்னிரண்டானார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருவனுக்கு வீட்டில் ‘ஒறம்பரை’, அதாவது விருந்தாளிகள், வந்திருக்கிறார்கள், இன்னொருவனுக்கு ஆட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும். நானும் நம்பினேன். பன்னிரண்டு ஒன்பதானபோது சந்தேகம் வந்தது. ஒன்பது ஆறானபோது, விட்டுப்போன பத்தாவது ஆள் என் தங்கை சிந்து. வீட்டில் ஒரே பாயில் படுக்கிறவள், என் பழைய யூனிஃபாரத்தைப் போட்டுக்கொள்கிறவள், பெல் அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாக ஓடினாள். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது எங்கே போனாயென்று கேட்டேன்.

“மோகனாக்காகிட்ட.”

“எந்த மோகனா?”

“உன்ற கிளாஸ் மோகனாக்காதான். கணக்கு சொல்லிக் குடுக்கறாங்க. எல்லாரும் அங்கதான் வாராங்க.” பிறகு, நான் முறைப்பதைப் பார்த்துச் சமாதானமாக, “நீ சொன்னா தலைய ஆட்டத் தோணுது. மோகனாக்கா சொன்னா கை தானா எந்திரிக்குது” என்றாள். சமாதானம் சொல்ல வந்தவள் அதைவிட ஆழமாகக் குத்த முடியாது.

மோகனா என் பெஞ்சிலேயே, சுவர்ப்பக்கம் உட்காருகிறவள். கணக்கில் எழுபது வாங்குவாள், சில சமயம் அறுபத்தைந்து. விடை சரியாக இருக்கும், வழிமுறை எழுத மாட்டாள், ‘ஸ்டெப் எங்கே?’ என்று சிவப்பு மையில் எழுதி டீச்சர் மார்க்கைக் குறைப்பார். ஸ்டெப் இல்லாத விடை எனக்குக் குருட்டு அதிர்ஷ்டமாகவே தோன்றியது. பள்ளிக்குப் பின்னாலிருந்த தறிக்குடோனில் அவள் அம்மா தறி ஓட்டினார். அதை ஒட்டிய லைன் வீட்டில்தான் குடியிருந்தார்கள். பள்ளி விட்டதும் அவள் நேரே குடோனுக்குப் போய் அம்மாவுக்குக் கூடமாட உதவுவாள். கரண்ட் இல்லாத நேரத்தில் உதவ ஒன்றுமில்லை. அடுத்த வீட்டு ஏழாம் வகுப்புப் பையன் ஒரு கணக்கைக் கொண்டுவந்து கேட்டிருக்கிறான், அவ்வளவுதான் ஆரம்பம். யாரும் அவளுக்குச் சாக்பீஸ் கொடுக்கவில்லை. பெரிய டீச்சர் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பதவி என்னிடம் இருந்தது, பிள்ளைகள் அவளிடம் இருந்தார்கள்.

பொறாமை என்கிற சொல்லை நான் வாக்கியத்தில் அமைத்து எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது கதையில் வருகிற ராணிகளுக்கு மட்டும் வருவது என்று எண்ணியிருந்தேன். எனக்கு வந்தது ராணிகளுக்கு வருவதுபோல இல்லை. இட்லியை அவசரமாக விழுங்கினால் நெஞ்சுக்கு நடுவில் நின்றுகொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் சுடுமே, அப்படி இருந்தது. தண்ணீர் குடித்தாலும் இறங்கவில்லை.

மறுநாள் என்னிடம் மிச்சமிருந்த ஆறு பேருக்கும் லீவு விட்டுவிட்டு, குடோனின் பின்சுவருக்குப் போனேன். காற்றுக்காக ஓட்டைவைத்துக் கட்டிய சிமெண்ட் ஜன்னல் ஒன்று என் கழுத்து உயரத்தில் இருந்தது. கரண்ட் இருந்திருந்தால் உள்ளே யார் கத்தினாலும் கேட்டிருக்காது. அந்த அமைதியில் மோகனாவின் குரல் என் காதோரம் பேசுவதுபோலக் கேட்டது.

நின்றுபோன தறி ஒன்றின் பின்பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கேதான் பாவு இருக்கும்: நெய்ய வேண்டிய நூலையெல்லாம் சுற்றிவைத்த பெரிய உருளை. அதன் இரண்டு முனையிலும் கயிறு சுற்றி, கயிற்றில் இரும்பு வட்டுகளை எடைக்குத் தொங்கவிட்டிருப்பார்கள். நூல் தளராமல் விறைப்பாக நிற்பது அந்த எடையால்தான். நெய்ய நெய்ய உருளை இளைக்கும், அப்போது எடையைக் குறைக்க வேண்டும். சத்தத்தில் பேச முடியாது என்பதால் மோகனாவின் அம்மா ஒரு முனையில் நின்று விரலைக் காட்டுவார். மறுமுனையில் மோகனா நிற்பாள். ஒரு விரலென்றால் இருவரும் ஒரே நேரத்தில் ஒரு வட்டை இறக்குவார்கள்.

“ஒரு பக்கம் மட்டும் எறக்குனா என்னாகும்?” என்று மோகனா கேட்டாள்.

“துணி கோணிக்கும்” என்று ஏழெட்டுக் குரல்கள். எல்லாம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள்; இதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

தறியின் இடது பக்கத்தில் பாதிப் பேர், வலது பக்கத்தில் பாதிப் பேர். இடது பக்கத்தார் முன்னால், கழிவு நூல் துணியில் கட்டிய இரண்டு முடிச்சுகளும் ஐந்து புளியங்கொட்டைகளும். வலது பக்கத்தார் முன்னால் பதினேழு புளியங்கொட்டைகள். “ரெண்டு முடிச்சுலயும் ஒரே அளவுதான் இருக்குது. எத்தனைன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். அவுக்காமச் சொல்லோணும்” என்றாள். பிறகு பேச்சை நிறுத்தி, அவள் அம்மா மாதிரியே, ஐந்து விரலைத் தூக்கினாள். இரண்டு பக்கத்துக் கைகளும் ஒன்றாக எழுந்து, ஒன்றாக ஐந்தை எடுத்தன. இங்கே வெறும் இரண்டு முடிச்சு, அங்கே பன்னிரண்டு கொட்டை. ஒரு கணம்தான். பிரகாஷ் காலரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “ஆறு!” என்று கத்தினான். முடிச்சை அவிழ்த்து எண்ணினார்கள். ஆறு.

பாலமும் இல்லை, குறி மாறுவதும் இல்லை. ஐந்து எங்கேயும் தாண்டிப் போகவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டது. நூறு வாங்கிய எனக்கு அன்றுதான், அடுத்தவள் வகுப்பின் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு, அந்த ரூலை யார் போட்டதென்று புரிந்தது. புரிந்த சந்தோஷம் வருவதற்கு முன்பே மற்றது வந்துவிட்டது. உள்ளே மோகனா அடுத்த கணக்கை ஆரம்பித்து, “இதுல ஒரு வில்லங்கம் இருக்குது, நல்லாப் பாருங்க” என்று சொல்வதற்கும் கரண்ட் வருவதற்கும் சரியாக இருந்தது. அன்று ஏனோ அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. பக்கத்துக் குடோன்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பிக்க, மீதியெல்லாம் சத்தத்துக்குள் போய்விட்டது.

அவளிடம் முடிச்சு இருந்தால் என்னிடம் முட்டை இருக்கிறது என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் அப்பாவின் கிடங்கிலிருந்து இரண்டு முட்டை அட்டைகளைச் செய்தித்தாள் சுற்றி மூடி, தனியாக ஐந்து முட்டைகளோடு பள்ளிக்குக் கொண்டுபோனேன். முட்டையென்றதும் எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள், சிந்து உட்பட. மேசைமேல் மூடிய அட்டை இரண்டு, பக்கத்தில் முட்டை ஐந்து. பலகையில் 2x + 5 = 17. “ஒரு அட்டைக்குள்ள எத்தனை முட்டைன்னு தெரியாது. அதுதான் x” என்று கம்பீரமாகச் சொன்னேன்.

பிரகாஷ் எழுந்தான். “ஏனுங்க்கா, அட்டைக்கு முப்பதுங்க.”

“அது தெரியாதுன்னு வெச்சுக்கோ.”

“எப்புடீங்க்கா தெரியாம இருக்கும்? சத்துணவுக்கு நாங்கதானுங்க தூக்கிட்டு வாரோம். ரெண்டு அட்டைன்னா அறுவது. அஞ்சு சேத்துனா அறுவத்தஞ்சு. பதினேழுன்னு போட்டிருக்கீங்க, மீதிய ஆருங்க்கா தின்னது?”

வகுப்பு சிரித்தது. சிந்துவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. நான் கோபத்தில் பதினேழை அழித்துவிட்டு வேறு எண், இன்னொரு எண் என்று மாற்றி மாற்றி எழுதினேன். எதை எழுதினாலும் அவர்களுக்கு விடை முப்பது. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கு முட்டை அட்டை என்பது தெரியாத எண்ணாக ஒருநாளும் இருக்க முடியாது என்பது முட்டை வியாபாரி மகளான எனக்குத் தோன்றவில்லை. அந்த வார டெஸ்டில் மூன்று பேர் எல்லாக் கணக்குக்கும் x = 30 என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெரிய டீச்சரின் அறைக்குப் போய், “டீச்சர், மோகனா ஏழாவதுப் புள்ளைங்களத் தறிக்குடோனுக்குள்ள கூட்டிட்டுப் போறாளுங்க டீச்சர். கரண்ட் எப்ப வேணாலும் வரும்ங்க. பெல்ட்டுல கை மாட்டிக்குங்க” என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அக்கறைப்படுகிறவள் முகத்தை வைத்துக்கொண்டு சொன்ன உண்மை. பெரிய டீச்சர் பதறிப்போய் அன்றே குடோன் முதலாளியிடம் ஆள் அனுப்பினார்; முதலாளி மோகனாவின் அம்மாவைச் சத்தம் போட்டார்; மோகனாவின் வகுப்பு அன்றோடு நின்றது. திங்கட்கிழமை பதினாறு பேரும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நான் பாலத்தைப் பற்றிப் பேசினேன். தலைகள் ஆடின. ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் மடிமேல் வைத்த கைகள் மெதுவாக எழுந்து, விரல் மடக்கி, இரண்டு பக்கமும் ஒன்றாக இறங்குவதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அரையாண்டுத் தேர்வில் காப்பியடிக்கக் கூடாதென்று ஏழாவதையும் எட்டாவதையும் மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். மேற்பார்வை பெரிய டீச்சர். கணக்குத் தேர்வு ஆரம்பித்து அரை மணி நேரம் இருக்கும், எனக்கு முன்னால் பிரகாஷின் இரண்டு கைகளும் எழுந்தன. மூன்று விரல் விரிந்து, மடங்கி, இறங்கின. அந்தப் பக்கம் சிந்துவின் கைகள். ஜன்னலோரம் இன்னும் இரண்டு பேர். ஏழாவதுக்காரர்கள் அத்தனை பேரும் காற்றில் எதையோ பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன சைகை இது? ஆன்சர் சொல்றீங்களா?” பெரிய டீச்சரின் குரலில் அறை நடுங்கியது. “ஏழாவது எல்லாம் எந்திரிங்க. பேப்பரக் குடுங்க.” முதல் பெஞ்சில் இரண்டு விடைத்தாள்களைப் பிடுங்கியும்விட்டார். சிந்து அழ ஆரம்பித்தாள். பதினாறு பேரும் ஃபெயிலாகிவிடுவார்கள். மூலையில் மோகனா தன் தாளைப் பார்த்துக் குனிந்திருந்தாள். குடோன் விஷயத்தில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டவள், எப்படி எழுவாள்?

நான் எழுந்தேன். “டீச்சர், காப்பி இல்லீங்க டீச்சர். வெயிட்டு எறக்கறாங்க.”

“என்னது?”

பலகைக்குப் போய் ஒரு சமன்பாட்டை எழுதி, இடது கையால் இந்தப் பக்கமும் வலது கையால் அந்தப் பக்கமும் ஐந்தை இறக்கிக் காட்டினேன். கணக்குக்குப் பயப்படுகிற பெரிய டீச்சர் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையை லேசாகத் தூக்கி, தானும் ஒருமுறை இறக்கிப் பார்த்தார். “அட!” என்றார். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். “இதை ஆரு சொல்லிக் குடுத்தது?”

மோகனா நிமிர்ந்து பார்த்தாள்.

“நான்தானுங்க டீச்சர்” என்றேன்.

பதினாறு பேரும் பாஸ். விடுமுறை முடிந்த முதல் நாள் பிரேயரில் என்னை மேலே கூப்பிட்டு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார்கள். கீழே நின்ற மோகனா எல்லோரையும்போலக் கை தட்டினாள். வகுப்புக்கு வந்ததும் என்னிடம், “நல்ல வேளை நீ எந்திரிச்சே புள்ள, நான் பயந்துபோய் உக்காந்துட்டேன். என்ற பேரச் சொல்லாம உட்டதும் நல்லதுதான், எங்கம்மாளுக்கு மறுக்காத் திட்டு உழுந்திருக்கும்” என்றாள். நான் தேடிக்கொண்டிருந்த சாக்கை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதை வைத்துக்கொண்டு நான் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டினேன்.

இப்போது எனக்குக் கோவையில் வேலை. சனிக்கிழமை ஊருக்கு வந்துவிடுவேன். அப்பாவின் முட்டைக் கிடங்கின் முன்னறையில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பதினான்கு பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். எங்கேயும் ஓரிடத்தில் நிலைகொள்ளாத எனக்கு, அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் போதவில்லை என்று தோன்றும். சுவரோரம் கூரைவரை அடுக்கியிருக்கிற அட்டைகளை நான் ஒருபோதும் பாடத்துக்கு எடுப்பதில்லை. முடிச்சும் புளியங்கொட்டையும்தான், விரலைத் தூக்கினால் கைகள் எழும், ஒன்றாக இறங்கும். மைனஸ் வருகிற கணக்கு மட்டும்தான் தகராறு: இல்லாத கொட்டையை எப்படி எடுப்பது? அங்கே வந்ததும் நான் சத்தமில்லாமல் பழைய பாலத்தைப் போட்டு அவர்களைத் தாண்டவைத்துவிடுவேன்.

போன மாதம் அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் பல்லடத்தில் ஒரு மெடிக்கலுக்குப் போனேன். “ஏனுங்க, சீட்டு இருக்குதுங்களா?” என்று கேட்ட பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “ரம்யா தானே நீ?” என்றாள். மோகனா பார்மசி படித்துவிட்டு அங்கே இருக்கிறாள். சனிக்கிழமை வகுப்பைப் பற்றிச் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம். “நான் ஒருநாளைக்கு வந்து உக்காரட்டுமா?” என்றாள். அந்த வாரமே ஸ்கூட்டியில் வந்து கடைசி வரிசையில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கைகள் எழுந்து இறங்கியதும் பக்கத்திலிருந்த மாணவி வர்ஷினியிடம், தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, “என்ன கண்ணு இது?” என்று கேட்டாள்.

“வெயிட்டு எறக்கறதுங்க. ரம்யாக்கா கண்டுபுடிச்சதுங்க.”

மோகனா என்னைப் பார்த்தாள். பரீட்சை அறையில் நிமிர்ந்து பார்த்த அதே பார்வை. இந்த முறை எனக்கு வேறு சாக்கு எதுவும் கிடைக்கவில்லை. “நான் கண்டுபுடிக்கல. அந்த அக்காதான்” என்றேன்.

“நானா?” என்று அவள் சிரித்தாள். “எங்கம்மா தறியில பண்றதுல்ல அது!”

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வர்ஷினி 3x − 4 = 11 என்ற கணக்கில் நின்றுவிட்டாள். நான் பாலத்தைப் போட வாயெடுப்பதற்குள் மோகனா எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸை இயல்பாக வாங்கிக்கொண்டாள். “எளைச்ச பாவுக்கு எறக்கோணும். புதுசா முழுப் பாவு மாட்டுனா?” தறிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், “ஏத்தோணுங்க!” என்றான். “ஒரு பக்கமா?” “ரெண்டு பக்கமுங்க!” மோகனா நாலு விரலை மேல்நோக்கித் தூக்கினாள். பதினான்கு பேரின் இரண்டு கைகளும் கீழிருந்து மேலே போயின. இங்கே 3x, அங்கே பதினைந்து. “அஞ்சு!” என்று கத்தியது வர்ஷினி, ஒரு கணக்குக்கும் வாய் திறக்காத வர்ஷினி.

அந்த ‘வில்லங்கம்’ இதுதான். அன்று கரண்ட் வந்து சத்தத்தில் மூழ்கிப்போன பாதி. இத்தனை வருடமும் நான் இறக்குவதை மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இட்லி நெஞ்சில் நின்றது, அதே இடத்தில், அதே சூட்டில்.

ஸ்கூட்டி வரை வழியனுப்பப் போனபோது, பெரிய டீச்சரிடம் போட்டுக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். சாவியைத் திருகப் போனவள் கையை எடுத்துவிட்டாள். “அது நீயா? எங்கம்மா ஒரு வாரம் என்றகூடப் பேசல” என்றாள். பிறகு, “ஆனா நீ சொன்னதும் பொய்யில்ல. திடீர்னு தறி ஓடியிருந்தா ஆரு கையாச்சும் போயிருக்கும்” என்றாள். கிளம்பும்போது திரும்பி, “அந்த ஜாமெட்ரி பாக்ஸ் மேலதான் எனக்கு ஒரு கண்ணு இருந்துச்சு. ரொம்ப நாளைக்கு இருந்துச்சு” என்றாள். அவள் மன்னித்ததைவிட இதைக் கேட்டதில்தான் எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் நாலு மணிக்குக் கரண்ட் போவதில்லை. தறிகள் விடாமல் ஓடுகின்றன. அந்த இரண்டு மணி நேர அமைதி எங்கள் ஊரில் இல்லாமல் போய்விட்டது. யாரும் அதற்காக வருத்தப்படவில்லை, படவும் கூடாது. ஆனால் இன்றைக்கு ஒருத்தி ஒரு சுவருக்குப் பின்னால் நின்று இன்னொருத்தியின் வகுப்பைக் கேட்க முடியாது, பாதியாகக்கூட முடியாது.

உள்ளே திரும்பியதும் பிள்ளைகள் கேட்டார்கள்: “ஏனுங்க்கா, அடுத்த வாரமும் அந்த அக்கா வருவாங்களா?” பதினான்கு முகங்களும் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“வருவாங்க” என்றேன்.

தறிச் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறை, இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.